போனில் குணமான கால்

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் போன் செய்து விசாரிக்கும் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் மூன்று பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். "மேடம், ஃபாலோ-அப் போன் பண்றது ஈஸிதானே? ஃபாரத்துல இருக்கறதக் கேட்டு டிக் பண்ணினா முடிஞ்சுதுதானே?" என்று ஒரு பெண் கேட்டாள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பயம். அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. அதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான். அதனால் எழுத்தில் பதில் சொல்கிறேன். இதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எலும்பு முறிவு வார்டில் இருபத்தாறு வருஷம் சிஸ்டராக இருந்தவள். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். வீட்டுக்காரருக்குச் சுரங்க ஆபீசில் வேலை என்பதால் நெய்வேலிக்கு வந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்கு வேலை மந்தாரக்குப்பத்தில், ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில். சுபாவத்தில் நான் பயந்தாங்கொள்ளி. கேஸ் அடுப்பை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம். இந்தப் பயம் எனக்கு வேலையில் எவ்வளவோ உதவியிருக்கிறது. நான் சொல்லப்போவது அது உதவாமல் போன சமயத்தைப் பற்றி.

இரண்டாயிரத்துப் பதினான்கு, பதினைந்து வாக்கில் எங்கள் பெரிய டாக்டர் ஓர் ஆய்வில் சேர்ந்தார். பெரிய டாக்டர் என்றால் பதவியில்தான், வயதில் என்னைவிடப் பத்து வருஷம் சின்னவர். வசதி குறைந்த நாடுகளில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகள் பல சேர்ந்து செய்த ஆய்வு அது. காலில் எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டால், புண்ணைக் கழுவி, காலுக்கு வெளியே ஒரு சட்டம் மாட்டி, அதிலிருந்து நாலு கம்பிகளை எலும்புக்குள் இறக்கி நிறுத்துவோம். எலும்பு கூடும்வரை மாதக்கணக்கில் அது அப்படியே இருக்க வேண்டும். அவ்வளவு நாள் படுக்கவைக்க எங்களிடம் கட்டில் கிடையாது. கம்பியைச் சுத்தம் செய்யும் முறையை வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்து, சீக்கிரம் அனுப்பிவிட்டு, போனில் விசாரித்துக்கொண்டால் போதுமா? இதுதான் ஆய்வின் கேள்வி. போதும் என்று நாங்கள் எழுதினால் எங்கெங்கோ இருக்கும் ஆஸ்பத்திரிகள் அப்படியே செய்யும். தப்பாக எழுதினால் எங்கெங்கோ இருக்கும் வீடுகளில் கால்கள் அழுகும்.

போன் செய்கிற வேலை எனக்கு வந்தது. வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து இரண்டாம் வாரம், நாலாம் வாரம், ஆறாம் வாரம் என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்து, ஃபாரத்தில் இருக்கும் கேள்விகளைக் கேட்டு, ஆம், இல்லை என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். பதில் கிடைக்காதவரைத் தொலைந்தவர் என்று எழுத வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் தொலைந்தவர் ஒருவர்கூட இல்லை. நான் விடமாட்டேன். காலையில் எடுக்காவிட்டால் மதியம், மதியம் எடுக்காவிட்டால் மறுநாள். பெரிய டாக்டர் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும், "சிஸ்டர் கையில ஃபாரத்தக் குடுத்துட்டா கவலையே இல்ல" என்றார். அன்று வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் அதை இரண்டு தடவை சொன்னேன்.

அந்த ஃபாரங்களில் ஒன்று கலியபெருமாளுடையது. குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஆள். ஊருக்கு வெளியே ஒரு தனியார் கான்ட்ராக்டரின் யார்டில் இரும்புக் குழாய் இறக்கும்போது, ஒரு குழாய் உருண்டு வலது காலில் விழுந்துவிட்டது. யார்டு வண்டியில் கொண்டுவந்து போட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு சூப்பர்வைசர் போய்விட்டார். ஒல்லியான ஆள், முப்பது வயதுகூட இருக்காது. அதிகம் பேசமாட்டார். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். கூட இருந்த மனைவி தனலட்சுமி கம்பி துடைப்பதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அவ்வளவு சுத்தமாகச் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாம் வாரம் போன் செய்தேன். "நல்லா இருக்கேங்க சிஸ்டர்." நாலாம் வாரம் செய்தபோது பின்னால் ஒரே இரும்புச் சத்தம். "எங்க இருக்கீங்க?" என்றேன். "ஷிப்ட்ல இருக்கேங்க." எனக்கு ஒரே சந்தோஷம். உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுத்திருப்பார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். 'வேலைக்குத் திரும்பினார்' என்ற கட்டத்தில் பெரிதாக ஒரு டிக். பெரிய டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவரும் நாற்காலியை விட்டு எழுந்து சிரித்தார்.

ஆறாம் வாரம் போன் செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அன்று சாயங்காலம் எங்கள் ஆஸ்பத்திரியின் முதல் அறிக்கையை ஆய்வுக் குழுவுக்கு அனுப்புவதாக இருந்தது. கலியபெருமாளின் பதில் ஒன்றுதான் பாக்கி. காலை பதினொரு மணி இருக்கும்.

"கம்பி போட்ட எடத்துல செவப்பா இருக்குதா?"

"இல்லீங்க சிஸ்டர்."

"தண்ணி, சீழ் ஏதாவது வருதா?"

"ஒண்ணும் இல்லீங்க."

ஃபாரத்தில் கேள்வி அத்தோடு சரி. ஆனால் அதற்கு முந்தின நாள் வேறொருவர் 'ஒரு கம்பி ஆடுது' என்று சொல்லி, எந்தக் கம்பி என்று நான் கேட்காமல் விட்டு, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சூடு ஆறாததால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டேன்.

"நாலு கம்பி இருக்குல்ல, மேலேருந்து ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. எதாச்சும் ஆடுதா?"

"இப்பவேங்களா?"

"இப்பவேதான்."

"வூட்டுக்குப் போனாதாங்க பாத்து சொல்ல முடியும். சாயங்காலமா போன் பண்ணட்டுங்களா?"

"சரி, மறக்காமப் பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆமாம், வைத்துவிட்டேன். 'ஆடவில்லை, மாலையில் உறுதி செய்ய வேண்டும்' என்று பென்சிலால் ஓரத்தில் எழுதவும் செய்தேன். எழுதி முடித்த பிறகுதான் கை நின்றது. தன் காலில் இருக்கும் கம்பியைத் தொட்டுப் பார்க்க ஒருவர் எதற்காக வீட்டுக்குப் போக வேண்டும்?

திரும்பப் போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். இன்னும் நாலு தடவை செய்தேன். பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். ஆளனுப்பிச் சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு: தப்பு என்னுடையது, நானே போய்ச் சரிசெய்துவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம். பெயர் கெட்டுவிடுமே என்ற பயத்துக்கு நான் பொறுப்புணர்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்டேன். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வடலூர் போய், அங்கிருந்து குள்ளஞ்சாவடிக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஃபாரத்தில் இருந்த முகவரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

முந்திரிக்காட்டை ஒட்டிய தெரு. கலியபெருமாள் வீடு எது என்று கேட்டதும் ஒருவர் ஒட்டினாற்போல் இருந்த இரண்டு வீடுகளைக் காட்டினார். முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது வீட்டு வாசலில் தனலட்சுமி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

"மாமா போன்ல ஒளறிட்டாருங்களா சிஸ்டர்?" என்றாள்.

உள்ளே கட்டிலில் எங்கள் நோயாளி படுத்திருந்தார். வார்டில் நான் பார்த்த அதே முகம், பாதியாக இளைத்திருந்தது. கிட்டப் போகுமுன்பே வாடை வந்துவிட்டது. மூன்றாவது கம்பியைச் சுற்றிச் சதை வீங்கிப் பளபளத்தது, சீழ் வழிந்திருந்தது, மேலே மஞ்சள் குழைத்துப் போட்டிருந்தார்கள். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. நாலு நாளாகக் காய்ச்சலாம். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இவர் யாரும்மா?" என்று கேட்டேன். எப்படிப்பட்ட கேள்வி பாருங்கள். பன்னிரண்டு நாள் பார்த்துக்கொண்ட ஆளைக் காட்டிக் கேட்கிறேன்.

அவர் பெயர் வீரமணி. கலியபெருமாள் அவருடைய அண்ணன், தனலட்சுமி மாமா என்றது அவரைத்தான். யார்டில் வேலைக்கான கார்டு அண்ணன் பெயரில் ஒன்றுதான். அண்ணன் ஒரு வாரம், தம்பி ஒரு வாரம் என்று அந்த ஒரே கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாறி மாறிப் போவார்கள். முகஜாடை ஒன்றுபோல் இருந்ததால் கேட்டில் யாரும் கேட்டதில்லை. இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது அதை வைத்துத்தான். குழாய் விழுந்தது தம்பியின் வாரத்தில். தம்பி அண்ணன் பெயரில் ஆஸ்பத்திரியில் படுத்தார். 'எனக்குச் சின்ன அடிதான், ஆறிப்போச்சு' என்று சொல்லி அண்ணன் அதே கார்டோடு மறுபடி வேலைக்குப் போனார். ஆள் வந்தால் போதும் என்று யார்டிலும் யாரும் குடையவில்லை. இரண்டு வீட்டுக்கும் இருந்தது அண்ணனின் போன் ஒன்றுதான், நாங்கள் அழைத்தது அதைத்தான்.

"அப்ப ஏம்மா ஆஸ்பத்திரிக்கு வரல? சீழ் வந்தா ஒடனே வரச் சொன்னேனே."

"எப்படிங்க வர்றது? மாமா அங்க ஷிப்ட்ல நின்னுகினு இருக்கறாரு. இவரு அதே பேர்ல உங்க கட்டில்ல படுத்துக்கினு இருந்தா? ஆஸ்பத்திரியிலேருந்து யார்டுக்கு ஒரு போன் போட்டா போதுமே. துடைக்கற பஞ்சும் மருந்தும் தீந்துபோச்சு, அத வாங்கக்கூட வரல. வெந்நியில துணிய நனச்சித்தான் துடைச்சிக்கினு இருந்தேன்."

வீரமணி தலையைத் தூக்கினார். "வேணாங்க சிஸ்டர். ரெண்டு நாள்ல வத்திடும். நான் வந்தா அண்ணன் வேல போயிடும்."

இரண்டு நாளில் அந்தக் கால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சீழ் எலும்புக்குள் இறங்கினால் காலை எடுக்க வேண்டியிருக்கும், ரத்தத்தில் கலந்தால் ஆளே மிஞ்சமாட்டார். எப்படியாவது அவரை வண்டியில் ஏற்ற வேண்டும். அந்த நிமிஷத்தில் ஒரு வழி தோன்றியது. ரொம்ப அழகான வழி என்று நினைத்தேன்.

"உங்க சொந்தப் பேர்லயே வாங்க. புது சீட்டுப் போடறேன். வேற ஊர் ஆஸ்பத்திரியில கம்பி போட்டதுன்னு சொல்லுங்க. இதுக்கு முன்னாடி எங்ககிட்ட வந்ததே இல்லைன்னு சொல்லிடுங்க, யார் கேட்டாலும். பழைய ஃபாரம் அப்படியே கிடக்கட்டும். உங்க அண்ணன் பேர் எங்கயும் வராது. நான் பொறுப்பு."

யாருக்கும் நஷ்டம் இல்லாத ஏற்பாடு. தம்பிக்கு வைத்தியம், அண்ணனுக்கு வேலை, டாக்டருக்கு அழகான அறிக்கை, எனக்கு நல்ல பெயர். தனலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு மினி வேன் பிடித்து அவரை ஏற்றினோம். வழியில் மூன்று தடவை அவருக்குப் பாடம் நடத்தினேன். "முன்னாடி வந்திருக்கீங்களா?" "இல்லீங்க." "சத்தமாச் சொல்லுங்க." "இல்லீங்க."

மூன்றரை மணிக்கு மந்தாரக்குப்பம் வந்து சேர்ந்தோம். கேஷுவாலிட்டியில் அன்று ட்யூட்டியில் இருந்தது வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு நர்ஸ். டாக்டரிடம் போனில் கேட்டு ஊசி மருந்து எழுதிக்கொண்டாள். நான் வராந்தாவில் நின்று, பெரிய டாக்டரிடம் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். தனலட்சுமி ஓடி வந்தாள்.

"சிஸ்டர், அந்தப் பொண்ணு ஊசி எடுக்குது. அன்னிக்கு மொத நாளு போட்டதும் ஒடம்பெல்லாம் தடிச்சிக்கினு மூச்சு முட்டிச்சே, அந்த ஊசியான்னு பாருங்க. ஊசி எதாச்சும் ஒத்துக்காதான்னு அது கேட்டுச்சி. இவரு இல்லீங்கன்னுட்டாரு. நீங்கதான அப்படிச் சொல்லச் சொன்னீங்க?"

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. சிரிஞ்சின் முனை அவர் கையில் மாட்டியிருந்த டியூபில் நுழைந்திருந்தது. அவள் கட்டைவிரல் அழுத்தப்போகும் நேரம். "நிறுத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது. மருந்துப் புட்டியைப் பார்த்தேன். அதே மருந்துதான். முதல் நாள் அந்த ஊசியில் அவர் மூச்சு திணறியதும், அதற்கு டாக்டர் மாற்று ஊசி போட்டதும், கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. அந்த ஷீட் கலியபெருமாள் பெயரில் என் மேஜை டிராயருக்குள் பத்திரமாக இருந்தது. எழுதியது என் கையெழுத்து. ஏழு வாரத்தில் மறந்துவிட்டேன்.

அந்தப் புது நர்ஸ் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டாள். நான்தான் அவருக்குப் பொய் கற்றுக்கொடுத்திருந்தேன். அண்ணன் போனில் சொன்னதாவது அவரளவில் நிஜம். அவரை நல்லா இருக்கீங்களா என்று கேட்டேன், அவர் நன்றாகத்தான் இருந்தார்; சீழ் வருதா என்று கேட்டேன், அவர் காலில் வரவில்லைதான். அந்த ஃபாரத்திலும் சீட்டிலும் சேர்த்துப் பார்த்தால், தெரிந்தே பொய் நுழைத்தவள் நான் ஒருத்திதான். இன்றைக்கும் சில நாள் அந்தக் கட்டைவிரல் கண்ணுக்குள் வரும்.

பெரிய டாக்டர் தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் முதலில் மருந்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு கார்டைப் பற்றி. கடைசியாக, நான் நடத்திய பாடத்தைப் பற்றி. அவர் நேராகப் போய்க் காலைப் பார்த்தார், மாற்று மருந்து எழுதினார், தியேட்டரைத் தயார் பண்ணச் சொன்னார். கை கழுவும்போதுதான் என்னிடம் பேசினார்.

"நாலாவது வாரம் ஷிப்ட்டுக்குப் போறார்னு வந்து சொன்னீங்க. கால் எலும்பு நொறுங்கின ஆள், நாலே வாரத்துல. எலும்பு டாக்டர் நான், எனக்கே தோணியிருக்கணும் சிஸ்டர். தோணல. ஏன்னா எனக்கு அந்தப் பதில் பிடிச்சிருந்தது."

"எனக்கும் சார்" என்றேன்.

"ரெண்டு ஃபைலையும் சேருங்க. கால் யாரோடதோ அவர் பேர்ல."

"சார், விபத்துப் பதிவேட்டைத் திருத்தினா நகல் யார்டுக்குப் போகும். அவங்க வேலை போயிடும். நான் வாக்குக் கொடுத்துட்டேன்."

"உங்களால காப்பாத்த முடியாத வாக்க ஏன் குடுத்தீங்க?"

அவர் சொன்னது சரி என்று தெரிந்தது, அவர் மேல் கோபமும் வந்தது. நாளைக்கு அந்த அண்ணன் நிஜமாகவே அடிபட்டு வந்தால், அவர் பெயரில் இருக்கும் ஃபைலில் தம்பியின் ரத்த வகையும் தம்பியின் ஒவ்வாமையும் இருக்கும். டிராயரைத் திறந்து இரண்டு ஃபைலையும் சேர்த்துக் கட்டினேன்.

கலியபெருமாள் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். போனில் மட்டுமே பேசியிருந்த ஆளை முதன்முறையாகப் பார்க்கிறேன். எல்லாவற்றையும் நானே சொன்னேன். இதை வேறு யாரிடமும் தள்ளிவிடக்கூடாது என்ற புத்தி அப்போதாவது இருந்தது.

"நான் என்னா பொய் சொன்னேன் சிஸ்டர்?" என்று கேட்டார். "என்னத்தான கேட்டீங்க? மாசத்துக்கு ரெண்டு வாட்டி போன் போட்டு நல்லா இருக்கியா நல்லா இருக்கியான்னீங்க. கான்ட்ராக்டருதான் உங்கள விட்டு கேக்கச் சொல்றாருன்னு நெனச்சேன். இவங்க ஆராய்ச்சி பண்றாங்கன்னு எனக்கு யாரு சொன்னா?"

ஒருவரும் சொல்லவில்லை. ஆய்வுக்கான சம்மதத்தை வார்டில் தம்பியிடம் வாங்கினோம். அதற்கான தாளை அவருக்கு நிதானமாகப் படித்துக் காட்டியதும் நான்தான். ஆனால் போனை எடுப்பவரிடம் நான் எதற்காகக் கூப்பிடுகிறேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நேராகக் கேள்விக்குப் போய்விடுவேன்.

"கார்டு போனா ரெண்டு வூடும் என்னா பண்ணும்?" என்றார். பிறகு, "அவன் காலு நிக்குமா, அத சொல்லுங்க மொதல்ல" என்றார்.

அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த எட்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு தடவை தியேட்டருக்குக் கொண்டுபோய்ப் புண்ணைக் கழுவினார்கள், கம்பியை இடம் மாற்றினார்கள். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கி, ஐந்தாம் நாள் மறுபடி ஏறியது. காலை எடுத்துவிடலாமா என்று இரண்டு டாக்டர்கள் கட்டிலருகே நின்று ஆங்கிலத்தில் பேசினார்கள். தனலட்சுமி என் முகத்தையே பார்த்தாள். நான் முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் டெம்பரேச்சர் சார்ட்டைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன். 'உன்னால இல்லம்மா, குழாயாலதான்' என்று வீட்டுக்காரர் சொன்னார். குழாய் விழுந்தது ஒரு நாள்தான். ஆறு வாரம் அந்தக் காலைக் கவனிக்காமல் விட்டது நான். எட்டாம் நாள் காய்ச்சல் விட்டது, பிறகு திரும்பவில்லை. கால் தப்பியது. ஆனால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, கணுக்கால் மடங்குவதும் குறைந்துபோனது.

கார்டு தப்பவில்லை. அந்த மாதமே ரத்தாகிவிட்டது. இதை நல்லபடியாக முடித்துச் சொல்ல எனக்கு ஆசைதான், முடியவில்லை. பெரிய டாக்டரும் நானும் யார்டுக்கு இரண்டு தடவை போய்ப் பேசிப் பார்த்தோம். பலன் இல்லை. அண்ணன் பண்ருட்டியில் பலாப்பழ லோடு ஏற்றப் போனார் என்று கேள்விப்பட்டேன். தம்பியை டிஸ்சார்ஜ் செய்த நாளில் வந்தவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அறிக்கை அன்று இந்தக் கலவரத்தில் போகவில்லை. பிறகும் அது போகாமல் நின்றதற்குக் காரணம் டாக்டரும் இல்லை, நானும் இல்லை. மூன்றாம் நாளோ என்னவோ, கட்டிலோரம் உட்கார்ந்திருந்த தனலட்சுமி சாதாரணமாகக் கேட்டாள்: "இப்படிப் போன்ல கேட்டு எழுதினீங்களே, மத்தவங்க எல்லாம் அவங்கதானா சிஸ்டர்?"

டாக்டரும் அப்போது கட்டிலருகே நின்றிருந்தார். போனில் மட்டுமே விசாரித்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவதென்று முடிவாயிற்று. இரண்டு மாதம் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் அலைந்தேன். பெரும்பாலோர் சொன்னபடியே நன்றாகத்தான் இருந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும், போனில் இத்தனை நாளாக 'வலியே இல்லை' என்று சொன்னது நோயாளியின் மாமனார் என்று தெரிந்தது. மருமகன் ஊர்ப்பக்கம் தலைகாட்ட வெட்கப்பட்டுக் கொல்லைப்புறம் உட்கார்ந்திருந்தார். எங்கள் அறிக்கையின் அழகு போயிற்று. 'குணமானார்' என்ற வரிசை சுருங்கியது, 'போனில் கிடைத்த தகவல் தவறு' என்று புதிதாக ஒரு வரிசை வந்தது. ஆய்வுக் குழுவிலிருந்து கடுமையாக எழுதுவார்கள் என்று டாக்டர் எதிர்பார்த்தார். ஆனால் மற்ற ஆஸ்பத்திரிகளும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அவர்கள் எழுதினார்கள். போனோடு வீட்டு விசிட்டும் கட்டாயம் என்று நம் ஆஸ்பத்திரியில் இன்று வைத்திருக்கிறார்களே, நீங்கள் வெயிலில் அலைந்துவிட்டு வந்து முணுமுணுக்கிறீர்களே, அது அப்படி வந்ததுதான்.

ஃபாரத்தின் தலையில் இருக்கும் முதல் கேள்வியையும் பார்த்திருப்பீர்கள்: 'இப்போது பேசுவது யார்? அடிபட்டவர் நீங்கள்தானா?' அதைக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, அசட்டுத்தனமாகத் தெரிகிறது என்றீர்கள். கூச்சத்தோடேயே கேளுங்கள். நான் யார், எதற்காகக் கூப்பிடுகிறேன், இது உங்கள் முதலாளிக்குப் போகாது என்பதையும் அதற்கு முன் சொல்லுங்கள். பதில் கேட்டு உங்களுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தால், இன்னொரு கேள்வி கேளுங்கள். கெட்ட செய்தியை யாரும் சும்மா நம்புவதில்லை, ஏன், எப்படி என்று குடைவோம். நல்ல செய்தியைத்தான் அப்படியே வாங்கி வைத்துக்கொள்வோம்.

ஒரு வருஷம் முடிந்ததும் வீரமணிக்குக் கடைசிப் போன் செய்ய வேண்டியிருந்தது. வீட்டு விசிட்டுக்கு முன்னால் நாள் கேட்பதற்காக. ஃபாரத்தில் இருந்தது அண்ணனின் எண்தான், வேறு எண் அவர்களிடம் இல்லை. மூன்று நாள் தள்ளிப்போட்டேன். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் நீ பண்ணு என்று கொடுத்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். கடைசியில் எண்களை அழுத்தியபோது, எடுக்காமல் போகட்டும் என்றுதான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

எடுத்தார். நான் பெயரைச் சொன்னேன், ஆஸ்பத்திரியைச் சொன்னேன், எதற்காகக் கூப்பிடுகிறேன் என்பதைச் சொன்னேன். வைத்துவிடப்போகிறார் என்று நினைத்தேன்.

"நான் கலியபெருமாள்" என்றார். "எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லா இருக்கேன். இருங்க, அவன்கிட்ட குடுக்கறேன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நடப்பது கேட்டது. தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு கதவு திறந்தது. யாரோ எழுந்து வருகிற செருப்புச் சத்தம், ஒன்று அழுத்தமாகவும் ஒன்று இழுத்தும்.

"வீரமணி பேசறேங்க சிஸ்டர்."

"கால் எப்படிங்க இருக்கு?"

"வலிக்குதுங்க. பஸ்ல ஏறி எறங்கும்போது ரொம்ப வலிக்குது. ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்க முடியல. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.